இருபத்தைந்து புள்ளி நான்கு

என் சுகந்திக் கண்ணுக்கு,

நல்லா இருக்கியா என்று எழுதத்தான் கை போனது. பதினோரு மாதமாகியும் இந்தக் கைக்குப் புத்தி வரவில்லை. போன வாரம்கூட ஒரு புத்தக அட்டையை முடித்துவிட்டு, "இதைக் கொஞ்சம் பாரு கண்ணு" என்று உன் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். நாற்காலியில் பேப்பர் கட்டு இருந்தது.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். சரசு டீச்சர் புத்தகத்தில் நடந்த தப்பு உன்னுடையது இல்லை. அதைச் செய்தது நான். நீ கண்ணை மூடும்வரை அது உன் தப்பு என்றே நினைத்திருந்தாய். நானும் அப்படியே நினைத்து உன்னை அனுப்பிவைத்தேன்.

இதை உன் படத்துக்கு முன்னால் நின்று முணுமுணுத்துவிட்டு விளக்கை ஏற்றிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தப்பை உன் தலையில் கட்டியது அச்சடித்த ஒரு தாள். அதனால் இதுவும் அச்சிலேயே வரட்டும், நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் சேதி. யாழினி ஒன்பதாவது போய்விட்டாள். உன்னைவிட ஒரு விரல் உயரம் இருப்பாள். உன் ஸ்டீல் ஸ்கேல், அந்தப் பதினைந்து சென்டிமீட்டர்க் குட்டி ஸ்கேல், இப்போது அவள் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. இன்ச் பக்கத்தை மறைத்து நீ ஒட்டிய கறுப்பு இன்சுலேஷன் டேப் ஓரமெல்லாம் பிய்ந்து அழுக்குப் பிடித்துக் கிடக்கிறது. கணக்கு மிஸ் அதை உரித்துவிடச் சொன்னாராம். அது எங்கம்மா ஒட்டினதுங்க மிஸ், எடுக்க மாட்டேனுங்க என்று சொல்லிவிட்டு வந்து நின்றாள்.

உன் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளை, இப்போது உக்கடத்தில் புதிதாகத் திறந்த பாலத்து மேலேயே வண்டியில் வேலைக்குப் போய் வருகிறார். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது கட்டி முடியாத அந்தப் பாலத்தடியில் ஆட்டோவுக்குள் எத்தனை நேரம் வெந்திருப்போம்! நீ என் தோளில் சாய்ந்து வாந்தியை அடக்கிக்கொண்டு வருவாய். இப்போது நாலே நிமிஷத்தில் தாண்டிவிடலாம். யாருக்கு வேண்டும் அந்த நாலு நிமிஷம்?

டவுன்ஹால் சந்து மாடியில் நம் அறை அப்படியேதான் இருக்கிறது. புத்தகத்துக்குப் பக்கம் வடிவமைக்கிற வேலையும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நான் டிடிபி சென்டரில் படித்தவள், எனக்குப் புத்தகம் என்றால் ஐந்தரைக்கு எட்டரை இன்ச், எழுத்து என்றால் பதினொரு பாயின்ட். நீ பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்து, பம்ப் கம்பெனி டிராயிங் செக்‌ஷனில் ஆறு வருஷம் உட்கார்ந்தவள். யாழினி பிறந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து சேர்ந்தாய். வந்த முதல் நாளே என் கம்ப்யூட்டரில் இருந்த இன்ச்சைத் தூக்கிவிட்டு மில்லிமீட்டரைப் போட்டாய்.

அதற்கு நாம் போட்ட சண்டை கீழே அச்சகத்துக்கே கேட்டிருக்கும். நான் உன்னை மில்லி மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றுதான். நீ கோபப்படவே இல்லை. டம்ளரை வைத்துவிட்டு நிதானமாக ஒன்று கேட்டாய்.

"ஏ ஃபோர் பேப்பர் எம்எம்ல வருது, கீழ கட்டிங் மிஷின் எம்எம்ல வெட்டுது. நடுவுல நீங்க மட்டும் எதுக்குங்க்கா இன்ச்சுல நிக்கறீங்க?"

அதற்கு நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு கதைப் புத்தகத்தை நீ உன் கணக்கில் செய்து காட்டினாய். பக்கத்தின் உயரம் இருநூற்றுப் பதினைந்து மில்லிமீட்டர். மேலே பதினைந்து, கீழே இருபது விட்டால் மீதி நூற்றெண்பது. வரிக்கு வரி ஐந்து மில்லிமீட்டர் என்றால் சரியாக முப்பத்தாறு வரி, ஒரு தூசிகூட மிச்சமில்லை. என் பாயின்ட் கணக்கில் எப்போதும் கடைசியில் அரை வரி தொங்கும், அதை அங்கே இங்கே இழுத்துச் சமாளிப்பேன். அச்சடித்து வந்த தாளை நீ ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாய். பின்பக்கத்து வரிகள் முன்பக்கத்து வரிகளுக்கு நேர் பின்னால் நின்றன. இடைவெளியில் ஒரு நிழல்கூட விழவில்லை.

நம் எழுத்துக்கு மேலே சுழியும் உண்டு, கீழே வாலும் உண்டு, ரெண்டும் முட்டிக்காமல் மூச்சு விட ஐந்து மில்லிமீட்டர் வேண்டும் என்பாய். எழுத்து நாலு, வரி ஐந்து. இது உன் கட்சி. ஒரு வருஷத்தில் நானும் அந்தக் கட்சிக்கு வந்துவிட்டேன், வாயால்தான் ஒத்துக்கொள்ளவில்லை. உனக்கு முழு எண் பிடிக்கும், புள்ளி வைத்த எண்ணைக் கண்டால் முகம் சுளிப்பாய். இதுதான் பின்னால் வினையாக வந்து நின்றது.

சரசு டீச்சர் காரமடையிலிருந்து ஒரு பை நிறையத் தாளோடு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துகிறவர். இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததைப் புத்தகமாகப் போட வேண்டும் என்றார். புத்தகத்துக்குப் பின்னால் மடித்து வைத்த பெரிய தாள்கள். ஒவ்வொன்றிலும் கட்டம் போட்டு, ரவிக்கைக்கும் குழந்தைச் சட்டைக்கும் வெட்டுகிற வரைபடம் நிஜ அளவிலேயே இருக்கும். தாளைத் துணிமேல் வைத்துக் கார்பன் போட்டு வரைந்து வெட்ட வேண்டியதுதான், டேப் பிடிக்கத் தெரியாத பெண்கூடத் தைக்கலாம் என்று அவருக்கு அவ்வளவு ஆசை.

கட்டத்தைச் சென்டிமீட்டரில் போடலாம் என்று நீ கேட்டுப் பார்த்தாய். டீச்சர் சிரித்தார். எங்க டேப்புல எல்லாம் இன்ச்சுதானுங்க அம்மணி, முப்பத்தாறு ரவிக்கைன்னாத்தான் எங்க புள்ளைகளுக்குப் புரியும் என்றார். நீ ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாய். புத்தகம் முழுக்க உன் மில்லிமீட்டர், கட்டம் மட்டும் டீச்சரின் இன்ச். ஒரு கட்டம் இருபத்தைந்து புள்ளி நான்கு மில்லிமீட்டர்.

அந்தப் புள்ளி நான்கு உன்னை என்ன பாடு படுத்தியது! சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்குதுங்க்கா என்றாய். ஓரத்தில் இருந்த குறிப்பு வரிகள் ஐந்து ஐந்தாக ஓடின, கட்டம் அவற்றோடு சேராமல் நழுவி நழுவிப் போனது. நீ பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாய். உன் பக்கத்தின் அழகுக்காக அடுத்தவர் அளவைத் தொட மாட்டாய். உன்னைப் பற்றி எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும் கண்ணு. பக்கத்து நாற்காலியிலேயே இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேனே.

அந்தச் சமயத்தில்தான் உன் உடம்பில் கட்டி என்று தெரிந்தது. முதல் மருந்து ஏற்ற மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புத்தகம் அச்சுக்குப் போக வேண்டிய வாரம் அது. மாப்பிள்ளை உன்னோடு இருந்தார், நான் அறைக்கு வந்து உன் ஃபைலைத் திறந்தேன்.

ஒரு குறிப்பு வரியைத் திருத்தும்போது கட்டம் வரியோடு சேராமல் நின்றது கண்ணில் பட்டது. அளவைப் பார்த்தேன், 25.4. அது டீச்சரின் இன்ச் என்பது அன்று இருந்த பதற்றத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. பாவம், என்ன அவசரத்தில் இதைச் சரிசெய்யாமல் போனாளோ, திரும்பி வந்து பார்த்தால் தவித்துப் போவாள் என்று நினைத்தேன். உனக்கு முழு எண்தானே பிடிக்கும்? 25 என்று அடித்தேன். எல்லாக் கட்டமும், அதோடு இணைந்திருந்த வரைபடமும், ஒரே சொடுக்கில் வரிமேல் வந்து உட்கார்ந்தன. அத்தனை வருஷம் உன்னோடு மல்லுக்கட்டிய நான், முதல் தடவையாக உன் முறைப்படி உனக்கு ஒரு வேலை செய்துகொடுத்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம். நீ வந்ததும் சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ வந்தபோது உன்னால் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை. என்னத்தைச் சொல்ல? சொல்லவில்லை. பிறகு மறந்தே போனேன்.

புத்தகம் வந்து இரண்டு மாதம் கழித்து டீச்சர் படியேறி வந்தார். நீ தலையில் பூப்போட்ட துண்டைக் கட்டிக்கொண்டு, மருந்து ஏறிய கையோடு, வேறொரு புத்தகத்துக்குப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தாய். டீச்சர் பையிலிருந்து ஒரு ரவிக்கையையும் டேப்பையும் எடுத்து வைத்தார். வகுப்பில் யார் வெட்டினாலும் கொக்கி எட்டவில்லை என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "ஏனுங்க அம்மணி, இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் அளந்து பாருங்களேன்" என்று மட்டும் சொன்னார்.

நீ உன் ஸ்கேலை வைத்து அளந்தாய். சரியாக இருபத்தைந்து. ஒரு கட்டத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை, கண்ணுக்கே தெரியாத குறைச்சல். ஆனால் முப்பத்தாறு இன்ச் ரவிக்கை சுற்றி வரும்போது அரை இன்ச்சுக்கு மேலே விழுங்கியிருந்தது.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். டீச்சர் மனசு கோணாமல் இருக்கட்டும் என்று, விளையாட்டுப் போல, "முழு எண்ணா மாத்திப்போட்டியா கண்ணு?" என்று உன்னைக் கேட்டேன்.

நீ அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய். மின்விசிறி காற்றில் அதன் மடிப்பு எழுந்து எழுந்து விழுந்தது, நீ கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாய்.

"நானாத்தானுங்க்கா இருக்கோணும். எனக்கு ஞாபகம் வர மாட்டீங்குது."

பரவால்லீங்க அம்மணி, உடம்பு முடியாத நேரம், ஆருக்கும் வரும் என்று டீச்சர் உன் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் இறங்கிப் போனதும் நீ ஸ்கேலைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தாய். "மருந்து என்ற கணக்கைத் தின்னுபோட்டுதுங்க்கா" என்றாய். அப்புறம் நீ ஒரு பக்கம்கூடப் போடவில்லை. உடம்புக்கு ஓய்வு என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாப் பிரதியிலும் வைக்க ஒரு திருத்தச் சீட்டு அடித்தோம். வடிவமைப்பில் நேர்ந்த கவனக்குறைவால் கட்டங்கள் சிறுத்துவிட்டன, வருந்துகிறோம் என்று நான்தான் எழுதினேன். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் வடிவமைப்பு என்று போட்டு உன் பெயர் இருந்தது. சீட்டையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படித்தவர்கள் யாரை நினைத்திருப்பார்கள்? அதை எழுதும்போது எனக்கு இது தோன்றவே இல்லை.

சத்தியமாக மறந்துவிட்டேனா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். அன்று உன்னைக் கேட்ட அந்த நொடியில் உள்ளே ஏதோ ஒன்று உறுத்தியது போலவும் இருக்கிறது. அந்த உறுத்தலை எடுத்துப் பார்க்காமல் டீச்சருக்குக் காபி சொல்லப் போய்விட்டேனோ? தெரியவில்லை கண்ணு. தெரியவில்லை என்று சொல்கிற அளவுக்குத்தான் என்னால் நேர்மையாக இருக்க முடிகிறது.

உன்மேலும் எனக்குக் கோபம் வருகிறது. அரை மில்லிமீட்டருக்கு என்னோடு அரை நாள் சண்டை போடுகிறவள், அன்றைக்கு ஏன் போடவில்லை? நான் செய்யலீங்க்கா, ஃபைலைத் திறந்து பார்க்கலாம் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே வெளிப்பட்டிருக்கும். அக்கா கேட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாயா?

போன வாரம் டீச்சர் மறுபதிப்புக்குக் கேட்டார். கட்டத்தைத் திருத்த உன் பழைய ஃபைல்களைத் தேடினேன். நீ ஒவ்வொரு நாளும் தேதி போட்டுத் தனித்தனிப் பிரதி வைத்திருந்தாய், பம்ப் கம்பெனிப் பழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் ஃபைலில் கட்டம் 25.4 என்றே இருந்தது. பக்கத்துக்கு வெளியே, அச்சில் வராத வெற்றிடத்தில், சிவப்பு எழுத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாய். "25.4. இதை முழுசாக்கக் கூடாது. அக்கா, நீங்களுந்தானுங்க."

அதற்கு அடுத்த ஃபைலின் பெயர் "ஃபைனல் 2". நீ ஒருநாளும் அப்படிப் பெயர் வைக்க மாட்டாய், நான்தான் வைப்பேன். சேமித்த தேதியைப் பார்த்தேன். அன்று உன் கையில் மருந்து ஊசி இருந்தது, நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய்.

பிறகு எல்லாம் நினைவுக்கு வந்தது. 25 என்று அடித்த விரல், மேசையில் ஆறிப்போன டீ, உன்னைச் சிரிக்க வைக்கப்போகிறேன் என்று இருந்த சந்தோஷம், எல்லாம். நான் பக்கத்தை மட்டும் பெரிதாக்கி வைத்து வேலை செய்திருக்கிறேன். வெளியே நீ எழுதியிருந்தது திரையில் இல்லை. தலையை மேசைமேல் வைத்துக் கத்தி அழுதேன். கீழே அச்சகத்திலிருந்து ஆட்கள் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பஸ் ஏறிக் காரமடைக்குப் போனேன். டீச்சரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நூல் கண்டைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் புள்ள இருக்கையிலேயே இது தெரிஞ்சிருந்தா, இன்னும் நாலு பக்கம் சந்தோசமாப் போட்டிருக்குமுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

யாழினியிடம் சொல்லத்தான் இரண்டு நாள் ஆனது. அம்மாவுக்குக் கடைசியில் தலை சரியாக வேலை செய்யவில்லை என்றுதானே அந்தக் குழந்தையும் நம்பிக்கொண்டிருந்தது? நீயே அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாய். ஸ்கூல் விட்டு வந்ததும் உட்காரவைத்து, பழைய ஃபைலைத் திறந்து உன் சிவப்பு எழுத்தைக் காட்டினேன். பெரியம்மா செய்த தப்பு இது, உங்கம்மா செய்யவில்லை என்றேன். அவள் அழவில்லை. ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து உன் ஸ்கேலை எடுத்தாள். புத்தகத்தின் தாளை விரித்து ஒரு கட்டத்தை அளந்தாள், பிறகு உன் பழைய ஃபைலிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த தாளில் ஒரு கட்டத்தை அளந்தாள்.

அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"தினமும் மாத்திரையை எண்ணிப்போட்டு, அம்மா எண்ணினா தப்பாப் போகும் சாமி, நீ ஒருக்கா எண்ணிப் பாருன்னு என்ற கைல குடுப்பாங்க பெரீம்மா. நான் எண்ணிப் பார்ப்பனுங்க. ஒருநாள்கூட அம்மா எண்ணுனது தப்பா இருந்ததில்லீங்க."

உன் கணக்கை மருந்து தின்னவில்லை கண்ணு. அது கடைசி மாத்திரை வரைக்கும் சரியாகவே இருந்தது. உனக்குத்தான் அது தெரியாமலே போனது.

மறுபதிப்பு அடுத்த மாதம் வருகிறது. கட்டம் 25.4, எழுத்து நாலு, வரி ஐந்து, எல்லாம் நீ போட்டபடியே. இரண்டாம் பக்கத்தில் வடிவமைப்பு சுகந்தி என்று இருக்கும். அதற்குக் கீழே, முதல் பதிப்பில் கட்டங்கள் சிறுத்தது என்னால், என் தங்கைக்கு அதில் பங்கில்லை என்று என் பெயர் போட்டு ஒரு வரி இருக்கும். பழைய சீட்டு எத்தனை பேரிடம் போனதோ அத்தனை பேரிடமும் இந்த வரியையும் சேர்க்க முடியுமா என்று தெரியவில்லை. முடிந்தவரை சேர்ப்பேன்.

இன்னொரு வாக்கும் தருகிறேன். என் ஸ்கேலின் இன்ச் பக்கத்திலும் நேற்று கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன், யாழினிதான் நேராக ஒட்டிக்கொடுத்தாள். இனி எந்த ஃபைலைத் திறந்தாலும் ஒரு எண்ணைத் தொடும் முன் பக்கத்தைச் சிறிதாக்கி, வெளியே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடுவேன். உன் ஃபைல்கள் இன்னும் நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றாகத் திறக்கிறேன். எதிலாவது என்னைத் திட்டி எழுதி வைத்திருக்க மாட்டாயா என்று தேடுகிறேன்.

உன்னை அளக்கத் தெரியாமல் போன
உன் அக்கா,
பூங்கொடி